யோசிக்காமல் சொல்ல வேண்டிய பதில்

மழைக்காலம் வந்தால் சலவைக் கடை வைத்திருப்பவளுக்குப் பாதி பைத்தியம் பிடித்துவிடும். கொடியில் போட்ட துணி காயவே காயாது. காய்ந்தாலும் மக்கல் வாடை போகாது. "என்னக்கா, நாய் படுத்த மாதிரி நாறுது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போவார்கள். மழையை நானா வரவழைத்தேன்? கடைசியில் ஈரத் துணியை இஸ்திரிப் பெட்டியாலேயே காய வைத்துக் கொடுக்க வேண்டும். கடை முழுக்க ஆவி மூட்டம். அதற்குள் காலையிலிருந்து நின்றபடி தேய்த்துக்கொண்டிருப்பவள் பெரியம்மா. எனக்குச் சொந்தம் ஒன்றுமில்லை, வயசுக்கு மரியாதை. கடைக்கு மேலே ஒற்றை அறையில் மகனோடும் மருமகளோடும் குடியிருந்தாள். நான் கத்துகிற நாளில் என்னை 'முதலாளியம்மா' என்பாள், மற்ற நாளில் 'ஏண்டி' என்பாள்.

மகன் லிஃப்ட் மெக்கானிக். படுத்த படுக்கையான பிறகும் நாங்கள் அவனை மெக்கானிக் என்றுதான் கூப்பிட்டோம். அந்த வேலையில் ஒரு முறை உண்டு. லிஃப்ட் பெட்டிக்கு மேலே ஏறுகிறவன், "நிறுத்திட்டியா?" என்று கத்த வேண்டும். ஸ்விட்ச் பக்கத்தில் நிற்கிறவன், "நிறுத்திட்டேன்" என்று அந்த நொடியே பதில் கத்த வேண்டும். கூட்டாளிகள் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பார்கள். அன்றைக்கு ஸ்விட்ச் பக்கத்தில் நின்றவன் புதுசு. கேள்வி காதில் விழுந்ததும் கொஞ்சம் யோசித்திருக்கிறான். இவன் பழக்க தோஷத்தில் காலை எடுத்து வைத்துவிட்டான். பெட்டி நகர்ந்தது. அடியில் போய் விழுந்தவனுக்கு முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. கம்பெனிக்காரன் ஆஸ்பத்திரிச் செலவில் கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டான்.

"அவன் யோசிச்சான் அக்கா. அதுதான் தப்பு" என்பான் மெக்கானிக். விழுந்ததைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை பேச மாட்டான்.

மருமகள் பட்டம் படித்தவள். தெருப் பிள்ளைகளுக்கு மாடியில் பாடம் சொல்லிக்கொடுப்பாள். அவனைப் புரட்டிப் படுக்க வைப்பதும், புண்ணுக்கு மருந்து வைப்பதும், துணி மாற்றுவதும் அவள்தான். இதற்கு நடுவில் கட்டில் காலடியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பாள். எழுதிய பரீட்சை எல்லாம் கை நழுவிப் போனது. கடைசியாக ஒரு பேங்க் பரீட்சையில் தேறி, நேர்காணலுக்கு வரச்சொல்லி ஃபோனில் தகவல் வந்தது. அடுத்த வருஷம் எழுத வயசு தாண்டிவிடும். இது போனால் எல்லாம் போயிற்று.

சம்பளம் மட்டும் காரணமில்லை. அந்த பேங்கில் வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு. ஒழுங்காக வைத்தியம் பார்த்தால் மெக்கானிக்கைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிடலாம் என்று ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். நடக்க வைப்பதாகக்கூடச் சொல்லவில்லை. உட்கார வைப்பது. அதற்குத்தான் அந்த வீடு வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது.

என் கடையில் சட்டையைச் சலவைக்குப் போடுகிற கேஷியர் ஒருவர் இருந்தார். அதே பேங்க். காலரில் ஒரு சுருக்கம் இருந்தாலும் கடையை ரெண்டாக்கிவிடுவார். அவரிடம் நான்தான் கேட்டேன். மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"கதவைத் தட்டிட்டு, சொன்னதுக்கு அப்புறம்தான் உள்ள போகணும். உக்காருன்னு சொன்னாத்தான் உக்காரணும். மேஜை மேல கைய வெக்கக் கூடாது. அஞ்சு பேர் இருப்பாங்க, கேள்வி கேட்டவரை மட்டும் பாக்காம எல்லாரையும் பாத்துப் பேசணும். எதுக்கு பேங்க் வேலைன்னு கேப்பாங்க. சம்பளத்துக்குன்னு உளறிடக் கூடாது."

"பின்ன எதுக்காம்? சும்மா காத்து வாங்கவா?" என்றாள் பெரியம்மா, பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு.

"சேவைன்னு சொல்லணும். அப்புறம் கோபக்காரக் கஸ்டமரை எப்படிச் சமாளிப்பேன்னு கேப்பாங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிடலாம், தப்பில்ல. ஆனா ஒண்ணு." கேஷியர் குரலைத் தணித்துக்கொண்டார். "வீட்டுல நோயாளி இருக்குன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. நாளைக்கு லீவு லீவுன்னு நிப்பா, வெளியூர் போக மாட்டான்னு ஓரங்கட்டிடுவாங்க. நான் பாத்திருக்கேன். உள்ள போய்ட்டா அப்புறம் யார் கேக்கப் போறா? மெதுவாச் சொல்லிக்கலாம்."

அவர் வேலைக்குச் சேர்ந்து எத்தனை காலம் ஆகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வேதவாக்காக எடுத்துக்கொண்டு மாடியில் போய் ஒப்பித்தோம்.

அன்றிலிருந்து மாடியில் நேர்காணல்தான். மெக்கானிக் தலைக்கு ரெண்டு தலையணை வைத்துக்கொண்டு அதிகாரி ஆகிவிட்டான். அவள் வாசலுக்கு வெளியே போய்க் கதவைத் தட்ட வேண்டும். இவன் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் விட்டு, "யெஸ், உள்ள வாங்க மேடம்" என்பான். கட்டிய பெண்டாட்டியை வாங்க போங்க என்று அவன் கூப்பிடுவதைக் கேட்டுப் பெரியம்மாவுக்குச் சிரிப்புத் தாங்காது. கோபக்காரக் கஸ்டமர் வேஷம் பெரியம்மாவுக்கு. அந்தக் கிழவிக்குள் அவ்வளவு கோபம் இருந்தது எனக்கே தெரியாது. "ஏம்மா, நாயா பேயா அலையவிடுறீங்களே, மனுஷங்கதானா நீங்க? என் பென்ஷன் எங்கடி?" என்று அறை அதிரக் கத்துவாள். பென்ஷனையே கண்ணால் பார்த்திராதவள். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க, நான் பாக்குறேன்" என்பாள்.

ஆவி பறக்கும் கஞ்சியும் அவித்த முட்டையும் கீழே எனக்கு வரும். நானும் தட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போய் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். வெளியே மழை கொட்டும். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் அவளுக்குத் தடுமாறியது.

"உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"அவர்... லிஃப்ட் மெக்கானிக் சார்."

"நின்னுட்ட. திரும்ப. உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"லிஃப்ட் மெக்கானிக் சார். எந்த ஊர்லயும்..."

"கண்ணு கீழ போகுது. என்னை ஏன் பாக்குற? என் காலைப் பாக்காத. திரும்ப."

"வேண்டாங்க, எனக்கு வரல."

"வரும். கேட்டதும் வாய் சொல்லணும், மனசு பின்னாடி வந்தாப் போதும். நீ யோசிச்சா அவன் கண்டுபிடிச்சிடுவான். யோசிச்சா ஆளு காலி. திரும்ப."

அவள் குளிக்கும்போது கட்டிலில் கிடந்தபடியே கத்திக் கேட்பான். அவனுக்குப் புண் துடைத்துக்கொண்டிருக்கும்போது கேட்பான். தூங்கி எழுந்த முகத்தோடு இருக்கும்போது கேட்பான். கடைசியில் அது வந்துவிட்டது. "லிஃப்ட் மெக்கானிக் சார். எந்த ஊர்லயும் அவருக்கு வேலை கிடைக்கும். நான் எங்க போனாலும் கூட வருவார். எங்க வீட்ல யாருக்கும் எந்தக் குறையும் இல்ல சார்." தண்ணீர் மாதிரி வந்தது. அவன் காலைப் பிடித்துப் புரட்டிக்கொண்டே அதைச் சொன்னாள். எனக்குத்தான் கேட்கச் சகிக்கவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

நேர்காணலுக்கு அவளோடு நான் போனேன். பெரியம்மா மகனை விட்டு வர முடியாது. என் கடையிலேயே வெளுத்துக் கஞ்சி போட்ட உடுப்பு. பெரியம்மா அதை ஒரு சுருக்கம் விடாமல் தேய்த்திருந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்தால் கசங்கும் என்று அந்தப் பெண் வழி முழுக்க நின்றுகொண்டே வந்தது.

பேங்கின் பெரிய ஆபீஸ். உள்ளே குளிர் எலும்பைக் குத்தியது. காத்திருக்கும் கூடத்தில் வரிசையாகப் பிள்ளைகள். ஒருத்தி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். ஒருவன் டையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். சான்றிதழ்களைச் சரிபார்க்க ஒரு மேஜை. பேர் கூப்பிட்டால் எழுந்து போவதும், வெளியே வருகிறவனைச் சுற்றிக்கொண்டு "என்ன கேட்டாங்க, என்ன கேட்டாங்க" என்று மொய்ப்பதும். நான் வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். இவள்தான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே போனவள் வர நேரமாயிற்று. வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. "வாங்கக்கா" என்று என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். எதிரே டீக்கடையில் உட்கார வைத்து, டீயும் பன்னும் சொல்லி, "என்னடி ஆச்சு? சொல்லித் தொலை" என்றேன்.

"நல்லாத்தான் போச்சுக்கா. என்னைப் பத்திக் கேட்டாங்க, சொன்னேன். ஒரு கடைக்காரனுக்குக் கடன் குடுக்கலாமா வேண்டாமான்னு எப்படி முடிவு பண்ணுவேன்னு கேட்டாங்க. கொஞ்சம் தெரிஞ்சது, மீதியைத் தெரியாதுன்னுட்டேன். ஒருத்தர் திடீர்னு மேஜையைத் தட்டிக் கத்தினார், கஸ்டமர் மாதிரி. எனக்கு அத்தை ஞாபகம் வந்துடுச்சு. உக்காருங்க சார், தண்ணி குடிங்கன்னேன். அஞ்சு பேரும் சிரிச்சுட்டாங்க."

"அப்புறம் என்ன கேடு?"

"நடுவுல ஒரு மேடம் இருந்தாங்க. வயசானவங்க. ரொம்பத் தன்மையாப் பேசினாங்க. கடைசியில அவங்கதான் கேட்டாங்க." டீயைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "இப்பப் புதுசா விதி வந்திருக்காம்க்கா. புருஷனோ பிள்ளையோ நடக்க முடியாம இருந்தா, அவங்களுக்குச் சொந்த ஊர்லயே வேலை போடுவாங்களாம். சேர்ந்த அன்னையிலேர்ந்து வைத்தியமும் பேங்க் செலவாம். 'அப்படி யாராவது இருக்காங்களாம்மா? இருந்தாத் தயங்காமச் சொல்லு, மார்க் ஒண்ணும் குறையாது'ன்னு கேட்டாங்க."

"கடவுளே! இருக்காருன்னு சொன்னியா இல்லியா?"

"அவங்க கேட்டு முடிக்கல. வாய் சொல்லிடுச்சு. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக் மேடம், எந்த ஊர்லயும் வேலை கிடைக்கும், எங்க வீட்ல யாருக்கும் எந்தக் குறையும் இல்ல. கடகடன்னு. சொல்லி முடிச்சப்புறம்தான்க்கா நான் என்ன சொன்னேன்னு என் காதுல விழுந்துச்சு."

"அட மூதேவி! அங்கேயே, மன்னிச்சுக்கோங்க மேடம்னு மாத்திச் சொல்றதுக்கென்ன?"

"வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அந்த மேடம் 'சந்தோஷம்மா'ன்னு சிரிச்சாங்க. மாத்திச் சொன்னா, முதல்ல சொன்னது பொய்தானே? பொய் சொல்றவளைப் பேங்க்ல எடுப்பாங்களா? நன்றி மேடம்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்."

நான் திட்டினேன். கேஷியரையும் திட்டினேன், அந்தப் படுத்துக்கிடக்கிறவனையும் திட்டினேன். டீக்கடைக்காரன் எட்டிப் பார்த்தான். அவள் பன்னைத் தொடவே இல்லை. "அவருகிட்டச் சொல்லிடாதீங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

வேலை கிடைத்துவிட்டது. தெருவே மாடி ஏறி வந்து வாழ்த்திவிட்டுப் போனது. போட்ட ஊர் எங்கேயோ ஒரு கோடியில். ரயிலில் ஒரு முழுப் பகலும் போக வேண்டும்.

மெக்கானிக் ஊர் பேரைக் கேட்டதும் கொஞ்சம் சுருங்கிப் போனான். "கொஞ்சம் பக்கத்துல போட்டிருக்கலாம். அதுக்கு ஏதாவது வழி இல்லாமலா இருக்கும்? கேஷியரைக் கேளுங்கக்கா" என்றான். நான் அவளைப் பார்த்தேன். அவள் தாங்க முடியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு சிரித்தான். "யோசிக்கவே இல்லையா?"

"இல்ல."

"நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கேன்ல?" சிரித்துக்கொண்டே இருந்தவன், தலையணையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். மேல்பாதி உடம்பு மட்டும் குலுங்கியது. பெரியம்மா பதறிப்போய் அவன் நெஞ்சைத் தடவினாள். "நான் போகலங்க. எனக்கு இந்த வேலை வேண்டாம்" என்று அவள் அழுதாள்.

அவன் தலையணையை எடுத்தான். "போகலைன்னா அம்மா சாகுற வரைக்கும் இஸ்திரி போடணும். நீ என் புண்ணைத் துடைச்சுக்கிட்டே கிழவியாகணும். போ. ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ. வேலை உறுதியாகட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

போனாள். நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் அனுப்பினோம். புண் துடைக்கிற வேலையைப் பெரியம்மாவும் நானும் மாற்றி மாற்றிச் செய்தோம். அவள் அனுப்பும் சம்பளத்தில் ஒரு நர்ஸ் வந்து பார்த்துப் போனாள். அது வைத்தியம் ஆகுமா? ஆனால் வீட்டில் பால் இருந்தது, பழம் இருந்தது. கேஷியர் அவர் பங்குக்கு, "பாத்தீங்களா, நான் சொன்னது பலிச்சுதா இல்லையா" என்று வந்து நின்றார். சட்டையை இன்னும் தேய்க்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ஃபோன் செய்வாள். மூன்று பேரும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்துக்கொள்வோம். முதலில் சேதி எல்லாம் நல்லதாகத்தான் வந்தது. வாடகை அறை சுத்தமாக இருக்கிறது, கூட வேலை செய்கிறவர்கள் தங்கமானவர்கள். பயிற்சி வகுப்பில் சொன்ன ஒன்றுதான் அவளுக்கு வயிற்றில் நெருப்பாகக் கிடந்தது. நேர்காணலில் பொய் சொன்னது தெரியவந்தால், எத்தனை வருஷம் ஆனாலும் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களாம். அதைக் கேட்ட பிறகு 'அப்புறம் சொல்லிக்கலாம்' என்ற பேச்சையும் பெரிய ஆஸ்பத்திரிப் பேச்சையும் யாரும் எடுக்கவில்லை.

பிறகு அவள் பேங்குக்குப் புதுசாக ஒரு மேனேஜர் வந்து சேர்ந்தார். நல்ல மனுஷன், அதுதான் கஷ்டம். அவர்கள் பேங்க் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய்க் கிடந்தது. வயசானவர்கள் படியேறி மூச்சு வாங்குகிறார்கள். "உன் வீட்டுக்காரர் மெக்கானிக்னு சொன்னாங்களேம்மா, எப்ப வர்றார்? கட்டடத்துக்காரர்கிட்டப் பேசிட்டேன், மாசச் சம்பளத்துக்கே வெச்சுக்குறாராம்" என்று கேட்டிருக்கிறார்.

"கையில ஒரு வேலை இருக்கு, முடிச்சுட்டு வர்றார்னு சொல்லு" என்றான் மெக்கானிக். பேச்சுவாக்கில், அது என்ன கம்பெனி லிஃப்ட், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டான். அந்த வாரம் முழுக்க முகம் தெளிவாக இருந்தான்.

மேனேஜரிடம் அவள், அடுத்த மாதம் வருகிறார் என்றாள். அப்புறம் வெளிநாட்டு வேலை ஒன்று வந்திருக்கிறது என்றாள். மேனேஜர் வேறு ஆளை வைத்து லிஃப்டைச் சரிபண்ணிவிட்டார். கேள்வி மட்டும் நிற்கவில்லை. கூட வேலை செய்கிற பெண்கள், "உண்மையைச் சொல்லு, விட்டுட்டுப் போய்ட்டானா?" என்று தோளைத் தொட்டுக் கேட்கிறார்களாம். ஆள் ஒருவன் தேவையில்லாமல் மேஜைப் பக்கம் வந்து நிற்கிறானாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் சொல்லிவிட்டு ஃபோனிலேயே அழுதாள். "எனக்கு உங்களைப் பாக்கணும். லீவு கேட்டா, புதுசுக்கு லீவு இல்லங்கிறாங்க" என்றாள்.

"இப்பத்தான் விழுந்தான்னு சொல்லிடலாமே" என்றேன் நான்.

"ஆஸ்பத்திரிப் பேப்பர் கேப்பாங்க அக்கா. அதுல பழைய தேதி இருக்கு" என்றான் மெக்கானிக். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு ஃபோன் பக்கம் முகத்தைத் திருப்பினான். "இந்தா, கேளு. செத்துட்டான்னு சொல்லிடு."

"டேய்!" என்றாள் பெரியம்மா.

"சும்மா இரும்மா. எல்லார் வாயும் அடைஞ்சிடும். துக்கத்துக்கு லீவு குடுப்பாங்க, புதுசு பழசு பாக்க மாட்டாங்க. வந்து என்கூட இருந்துட்டுப் போ. அதுக்கப்புறம் எவனும் கேக்க மாட்டான். கேக்குதா?"

ஃபோனில் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"முதல்ல வராது. சொல்லிச் சொல்லித்தான் வரும். நான் மேனேஜர் கேக்குற மாதிரி கேக்குறேன்." தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "என்னம்மா, உங்க வீட்டுக்காரர் எப்ப வர்றார்?"

அவள் அறைக்கு வெளியே ஏதோ வண்டி ஒன்று போகிற சத்தம் மட்டும் வந்தது.

"சொல்லுங்க மேடம். எப்ப வர்றார்?"

பெரியம்மா எழுந்து வெளியே போய், ஈரத் துணிகளுக்கு நடுவில் நின்றுகொண்டாள். நான் ஃபோனை அணைக்கக் கையை நீட்டினேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தான். காதை ஃபோனுக்குக் கிட்டே கொண்டுபோனான். கண்ணீர் தாரையாக ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"யோசிக்கிறா அக்கா" என்றான்.